கூலி பேசப் போகுமுன் போக்கிடம் தேடு!

"வேலை கிடைத்துவிட்டது!"

இந்தச் செய்தி ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் எழும் முதல் கேள்வி என்ன?

"சம்பளம் எவ்வளவு?"

இதற்கு விடை சொல்பவர் யார்? பெரும்பாலும் முதலாளிதான். அவர் ஒரு தொகையைச் சொல்கிறார். வேலைக்குப் போகிறவர் தலையை ஆட்டுகிறார். "நீங்க பார்த்துக் கொடுங்க" என்று தகப்பனாரும் கும்பிடு போடுகிறார். ஐந்து நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த ஐந்து நிமிஷத்தின் பலனை ஐந்து வருஷம் அனுபவிக்க வேண்டியிருக்கிறது!

கத்தரிக்காய் வாங்கும்போது ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறோம். உழைப்பை விற்கும்போது மட்டும் வாய் அடைத்துப் போகிறதே, ஏன்?

கூச்சம் என்பார்கள் சிலர். படிப்புப் போதாது என்பார்கள் வேறு சிலர். உண்மைக் காரணம் பயம். "இந்த வேலையை விட்டால் வேறு கதி இல்லை" என்ற பயம். அந்தப் பயம் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகு அவர் ஏன் கூட்டிக் கொடுக்கப் போகிறார்?

போக்கிடம் உள்ளவர் கேட்கிறார். போக்கிடம் இல்லாதவர் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார். கூலி பேசும் வித்தை முழுவதும் இந்த இரண்டு வரியில் அடங்கிவிடுகிறது.

இந்தப் பாடத்தைப் படிக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டியதில்லை. கழுகுமலையைச் சுற்றியுள்ள கரிசல் பூமியே கற்றுக்கொடுக்கிறது.

கரிசல் காட்டுப் பாடம்

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கழுகுமலை. மலையில் வெட்டுவான் கோவில் இருக்கிறது. 8-ம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிச் செதுக்கிய கோவில் அது. முற்றுப் பெறாமல் நிற்கிறது. அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள்.

மலை மேல் நின்று சுற்றிலும் பார்த்தால் கறுப்பு மண் தெரியும். அதுதான் கரிசல். ஆற்றுப் பாசனம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய பூமி. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி, மிளகாய் இவைதான் இங்கே விளைகின்றன. 'கருங்கண்ணி' என்ற நாட்டுப் பருத்திக்கு இந்தக் கரிசல் சீமை பெயர் பெற்றது.

இங்கே இரண்டு சம்சாரிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் காட்டிலும் ஒரே பருத்தி. ஒரே தரம்.

முதல் சம்சாரி விதைப்புக்கு வியாபாரியிடம் கடன் வாங்கியவர். மகள் கல்யாணத்துக்கும் அவரிடமே வாங்கியவர். பருத்தி எடுத்த அன்றே வியாபாரியின் வண்டி வாசலில் வந்து நிற்கிறது. வியாபாரி சொன்னதுதான் விலை.

இரண்டாவது சம்சாரிக்குக் கடன் இல்லை. பருத்தியை வீட்டில் போட்டு வைக்கிறார். நாலு வியாபாரிகளை விசாரிக்கிறார். விலை ஏறும்வரை பொறுக்கிறார். அவருக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது.

பருத்தியில் வித்தியாசம் இல்லை. காத்திருக்க முடிந்தவருக்கு ஒரு விலை. முடியாதவருக்கு ஒரு விலை!

இந்த அநியாயத்தைக் கண்டுதான் சென்னை மாகாணத்தில் 1933-ல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டு வந்தார்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் ஏற்பட்டன. ஒரே வியாபாரியின் கையில் சம்சாரி சிக்காமல், பல வியாபாரிகள் விலை கேட்கும் இடம் அது. சம்சாரிக்கு அது ஒரு போக்கிடம்.

உழைப்பும் ஒரு சரக்குத்தான். ஆனால் பருத்தியைவிடச் சீக்கிரம் வீணாகும் சரக்கு. இன்று விற்காத பருத்தியை அடுத்த வாரம் விற்கலாம். இன்று விற்காத ஒரு நாள் உழைப்பை எந்த நாளும் விற்க முடியாது. ஆகையால் உழைக்கிறவருக்குத்தான் போக்கிடம் அதிகம் தேவை.

தீப்பெட்டி வந்த கதை

மழை பொய்த்தால் கரிசலில் வேலை இல்லை. வேலை இல்லாத கைகள் மலிவாகக் கிடைக்கும். அந்தக் கைகளை நம்பி வந்ததுதான் தீப்பெட்டித் தொழில்.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1923-ல் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். அது சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று பரவியது. குச்சி அடுக்குவது, பெட்டியில் அடைப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் கை வேலை. பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. எத்தனை செய்தார்களோ அத்தனைக்குக் கூலி.

கூலி போதவில்லை. குழந்தைகளும் வேலைக்குப் போனார்கள். விடியுமுன்னே ஆலை வண்டி கிராமத்துக்கு வரும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் ஏறிப் போவார்கள். பல வீடுகளில் பெற்றோர் ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள். முன்பணம் வாங்கிய வீட்டுக்குக் கூலி பேசும் வாய் ஏது?

"கூலி கட்டுப்படியாகலை, அண்ணாச்சி" என்று ஒரு தாய் கணக்குப்பிள்ளையிடம் சொல்வாள்.

"அப்போ வாங்கின அட்வான்சை வச்சுட்டுப் போம்மா" என்பார் அவர்.

அத்தோடு பேச்சு முடிந்தது!

பிள்ளைகளும் வேலைக்குப் போனதால் இன்னொரு கேடும் விளைந்தது. குறைந்த கூலிக்குச் சின்னக் கைகள் கிடைக்கும்போது பெரியவர்களின் கூலி எப்படி ஏறும்? தாயின் கூலியைத் தாழ்த்தியது அவள் பெற்ற பிள்ளையின் உழைப்புத்தான்.

பிள்ளைகளுக்குப் போக்கிடம் பள்ளிக்கூடம். காமராஜர் முதல் அமைச்சராக இருந்தபோது, 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது பக்கத்திலுள்ள எட்டயபுரத்தில்தான். ஆனாலும் தீப்பெட்டி ஆலைகளில் பிள்ளைகள் வேலை செய்வது நிற்கப் பல காலம் ஆனது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் ஒரு குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு வேலை கிடைக்கச் செய்யவேண்டும் என்றும் சொன்னது. 2016-ல் சட்டம் மேலும் இறுகியது.

நூறு நாள் செய்த மாயம்

கரிசல் காட்டுப் பெண்களுக்கு இன்னொரு கதவு திறந்தது 2005-ம் ஆண்டுச் சட்டத்தினால். கிராமத்துக் குடும்பம் ஒன்றுக்கு வருஷத்தில் 100 நாள் வேலைக்கு உறுதி தந்த சட்டம் அது. 2008 ஏப்ரல் முதல் நாட்டின் கிராமப்புற மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கண்மாய் வெட்டப் போனார்கள். வரத்துக்கால் தூர் வாரப் போனார்கள். 2021-ல் தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு நிர்ணயித்த உச்சக் கூலி நாளொன்றுக்கு 273 ரூபாய்.

தீப்பெட்டி ஆலைகளில் என்ன நடந்தது தெரியுமா? ஆள் கிடைப்பது கஷ்டமானது!

2021 டிசம்பர் 1-ந் தேதி தீப்பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனது. 14 வருஷங்களுக்குப் பிறகு ஏறிய விலை. மெழுகு, பாஸ்பரஸ், அட்டை எல்லாம் விலை ஏறிவிட்டன என்பது முக்கியக் காரணம். அதோடு தொழிலாளர்கள் நூறு நாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்ற பேச்சும் அப்போது எழுந்தது.

கவனியுங்கள்! வருஷத்தில் 100 நாள்தான் அந்த வேலை. பல ஊர்களில் அவ்வளவு நாள்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் 'போக ஓர் இடம் இருக்கிறது' என்ற நினைப்பே பெண்களுக்குப் பலம் கொடுத்தது.

கிளெமெண்ட் இம்பெர்ட், ஜான் பாப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்தத் திட்டத்தை ஆராய்ந்தார்கள். அவர்கள் ஆராய்ச்சி 2015-ல் வெளியானது. திட்டம் முதலில் வந்த மாவட்டங்களில், விவசாய வேலை குறைந்த மாதங்களில், வெளி வேலைக்கான கூலி சுமார் 5 சதவீதம் ஏறியிருந்தது என்று கண்டார்கள். அரசாங்க வேலைக்குப் போகாதவருக்கும் அந்தக் கூலி உயர்வு கிடைத்தது!

2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறொரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 100 நாள் என்பது 125 நாள் ஆகிறது. விவசாய வேலை மும்முரமாக நடக்கும் காலத்தில் 60 நாள்வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. கூலி பேச நல்ல சமயம் வேலை மும்முரமான அந்தக் காலம்தான். அப்போது போக்கிடம் அடைபட்டால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? கழுகுமலைப் பெண்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கார் முதலாளி கொடுத்த 5 டாலர்

இது கரிசலுக்கு மட்டும் உரிய கதை அல்ல. அமெரிக்காவில் ஹென்றி போர்டு என்ற கார் முதலாளி இருந்தார். அவர் ஆலையில் வேலை கடுமை. 1913-ல் தொழிலாளர்கள் சேர்ந்த வேகத்தில் விலகிப் போனார்கள். சுமார் 14,000 பேரை வேலையில் நிறுத்தி வைக்க, அந்த ஒரு வருஷத்தில் 50,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது!

1914 ஜனவரியில் போர்டு ஓர் அறிவிப்புச் செய்தார். தகுதி பெற்ற தொழிலாளிக்கு நாளுக்கு 5 டாலர். முன்பு கொடுத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வேலை நேரமும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைந்தது.

அந்தத் தொழிலாளர்கள் மனு எழுதிக் கொடுத்துக் காத்திருக்கவில்லை. வேறு வேலை இருந்தது, போனார்கள். கூலி தானே ஏறியது.

ஒன்பது நாளில் கிடைத்த வெற்றி

"சரி, எனக்குப் போக்கிடமே இல்லை. வயதாகிவிட்டது. ஊரில் ஒரே ஆலைதான். நான் என்ன செய்வது?" என்று கேட்கிறீர்களா?

அதற்கும் இந்த மாவட்டத்திலேயே பதில் உண்டு.

தூத்துக்குடியில் ஹார்வி சகோதரர்கள் நடத்திய கோரல் மில் இருந்தது. கூலி குறைவு. வேலை நேரம் அதிகம். வார விடுமுறை கிடையாது. அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவரும் தனி ஆளாகப் போய்க் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாசல் கதவைக் காட்டியிருப்பார்கள்.

1908 பிப்ரவரி 23-ந் தேதி ஒட்டப்பிடாரம் வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொழிலாளர்களிடையே பேசினார். நாலு நாள் கழித்து, 27-ந் தேதி, தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார். ஊர் மக்கள் ஆதரவு கொடுத்தார்கள்.

அப்போதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஒரு தொழிலாளி விலகினால் அவனுக்குத்தான் போக்கிடம் இல்லை. எல்லாரும் சேர்ந்து வெளியே நின்றால் முதலாளிக்குப் போக்கிடம் இல்லை!

மார்ச் 6-ந் தேதி மில்லிலிருந்து சமாதானத் தூது வந்தது. வ.உ.சி. 50 தொழிலாளர்களோடு போய்ப் பேசினார். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை மூன்றுக்கும் நிர்வாகம் சம்மதித்தது. ஒன்பது நாளில் வெற்றி! அதைப் பார்த்து மற்ற வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தொழிலாளர்களுக்கும் கூலி ஏறியது.

சில நாட்களில், மார்ச் 12-ந் தேதி, வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். தொழிற்சங்கச் சட்டம் என்று ஒன்று நாட்டில் வந்ததோ 1926-ல்தான். சட்டம் வருவதற்கு 18 வருஷம் முன்பே அந்தத் தொழிலாளர்கள் சேர்ந்து நின்று பலம் காட்டினார்கள்.

பலம் சேர்ப்பது எப்படி?

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். மகனோ மகளோ படித்து முடித்து வேலைக்குப் போகும் நேரம். கோவில்பட்டிக்கோ, கோயம்புத்தூருக்கோ, சென்னைக்கோ, கடல் கடந்தோ போகலாம். சம்பளம் பேசுமுன் என்னென்ன பலம் சேர்க்க வேண்டும்?

முதலாவது, கையில் தொழில். "நான் கஷ்டப்பட்டு உழைப்பேன்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். "இந்த மெஷினை ஓட்டுவேன், பழுதானால் பார்ப்பேன்" என்று சிலரால்தான் சொல்ல முடியும். பத்துப் பேருக்குத் தெரிந்த வேலைக்குப் பேரம் இல்லை. அதிகம் பேருக்குத் தெரியாத வேலை ஒன்றையாவது கற்க வேண்டும்.

இரண்டாவது, இன்னொரு வேலைக்கு வழி. ஓர் இடத்தில் மட்டும் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கக்கூடாது. ஒரே சமயத்தில் மூன்று நாலு இடத்தில் முயல வேண்டும். இருக்கும் வேலையை விட்ட பிறகு தேடுவதைவிட, வேலையில் இருந்துகொண்டே தேடுவது மேல். புது வேலைக்கான ஆர்டர் கைக்கு வருமுன் பழைய வேலையை விடவே கூடாது.

மூன்றாவது, சந்தை விலை. அதே வேலைக்குப் பக்கத்து ஊரில் என்ன கொடுக்கிறார்கள்? முன்பு படித்து வெளியே போனவர்களைக் கேளுங்கள். பல தொழில்களுக்குத் தமிழக அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். விலை தெரியாமல் சந்தைக்குப் போகிறவர் ஏமாறுவார்.

நாலாவது, மூன்று மாதச் சாப்பாட்டுக்குச் சேமிப்பு. இந்தப் பலத்தைக் கொடுக்க வேண்டியது குடும்பம். "அவசரப்படாதே, ரெண்டு மாசம் நாங்க பார்த்துக்கிறோம்" என்று தாயார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகளுக்கு வாய் திறக்கும். "எந்த வேலையானாலும் சரி, நாளைக்கே போ" என்று விரட்டினால் அவள் நாளைக்கே போவாள். குறைந்த சம்பளத்துக்குப் போவாள்.

பலத்தைப் பறிக்கும் கயிறுகள்

பலம் சேர்ப்பது பாதி. இருக்கும் பலத்தை இழக்காமல் இருப்பது மறு பாதி.

முன்பணம் ஒரு கயிறு. கையில் வாங்கும்போது இனிக்கும். கூலி கேட்கும்போது கழுத்தை இறுக்கும்.

அசல் சான்றிதழ் இன்னொரு கயிறு. மார்க்குப் பட்டியலையும் பட்டத்தையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. அது போனால் வேறு வேலைக்கு மனுப் போடுவது எப்படி? அசலைக் காட்டுங்கள். நகலைக் கொடுங்கள்.

'மூன்று வருஷம் முடிந்ததும் மொத்தமாகப் பணம்' என்பது மூன்றாவது கயிறு. தென் மாவட்டப் பெண்களை நூற்பாலைகளுக்கு இப்படித்தான் அழைத்துப் போனார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று அதற்குப் பெயர் வந்தது. கல்யாணத்துக்கு ஆகும் என்று பெற்றோர் நம்பினார்கள். நடுவில் உடல்நலம் கெட்டுத் திரும்பிய பல பெண்களுக்கு அந்தப் பணம் கிடைக்கவில்லை. உழைத்த சம்பளம் மாதா மாதம் கைக்கு வரவேண்டும். அதுதான் சரி.

'இத்தனை வருஷத்துக்குள் விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும்' என்ற ஒப்பந்தம் நாலாவது கயிறு. "சும்மா ஒரு காகிதந்தானே" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கியில் மூன்று வருஷத்துக்கு முன் விலகிய அதிகாரி 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எல்லா ஒப்பந்தமும் அப்படியே செல்லும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து!

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசில் பதிவு செய்த ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணத்துக்கு உச்ச வரம்பு உண்டு. 30,000 ரூபாயும் அதற்கான வரியுந்தான். லட்சக்கணக்கில் வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறவருக்கு அங்கே போன பிறகு பேசும் பலம் கிடையாது. கடன் அவர் வாயைக் கட்டிவிடும்.

இப்படிப் பேசலாமே!

கழுகுமலைப் பெண் ஒருத்தி. வணிகவியல் படித்தவள். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதத் தெரிந்தவள். கோவில்பட்டியில் ஒரு கம்பெனி அவளைக் கூப்பிடுகிறது. திருநெல்வேலியில் வேறொரு கம்பெனி 17,000 ரூபாய் தருவதாக ஆர்டர் அனுப்பியிருக்கிறது. இப்படி வைத்துக்கொள்வோம்.

திருநெல்வேலிக்குப் போனால் விடுதியில் தங்க வேண்டும். வாடகை, சாப்பாடு என்று 5,000 ரூபாய் போய்விடும். கோவில்பட்டிக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போகலாம். அவளுக்கு உள்ளூரப் பிடித்தது கோவில்பட்டி வேலைதான். ஆனால் கையில் ஓர் ஆர்டர் இருக்கிறது. பேச்சு எப்படிப் போகிறது பாருங்கள்.

"உனக்கு 15,000 போட்டிருக்கோம்மா. என்ன சொல்றே?" என்கிறார் மானேஜர்.

"ரொம்ப நன்றி, சார். இங்கே வேலை பார்க்கத்தான் எனக்கும் ஆசை. ஆனா வேறொரு இடத்திலே 17,000 சொல்லியிருக்காங்க. நீங்க 16,500 ஆக்கித் தந்தா நாளைக்கே சேர்ந்துடறேன்."

"16,000-க்கு மேலே முதலாளி சம்மதிக்க மாட்டாரேம்மா!"

"சரி, சார். ஆறு மாசம் என் வேலையைப் பாருங்க. திருப்தியா இருந்தா 500 கூட்டித் தருவோம்னு ஆர்டரிலே எழுதித் தர முடியுமா? வீட்டிலே கலந்துக்கிட்டு நாளைக் காலையிலே உறுதி சொல்லிடறேன்."

இதில் சண்டை இருக்கிறதா? மிரட்டல் இருக்கிறதா? இல்லை. நன்றி சொன்னாள். உண்மையைச் சொன்னாள். தொகையைச் சொன்னாள். ஒரு நாள் அவகாசமும் கேட்டாள்.

மாதம் 1,000 ரூபாய் கூடியது. வருஷத்துக்கு 12,000. ஐந்து வருஷத்துக்கு 60,000! இனிமேல் வரும் ஊதிய உயர்வும் இந்தக் கூடிய சம்பளத்தின் மேல்தான் வரும்.

இல்லாத ஆர்டரை இருப்பதாகச் சொல்லலாமா? கூடாது. "காட்டு பார்ப்போம்" என்றால் மானம் போகும். "அப்படியானால் அங்கேயே போ" என்றால் வேலையும் போகும்.

கைக்கு வருவது எவ்வளவு?

மொத்தச் சம்பளம் என்று கம்பெனி சொல்லும் தொகை வேறு. மாதக் கடைசியில் கைக்கு வரும் தொகை வேறு. இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'பி.எப்.' என்கிறோமே, அந்த வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளி பங்கு பொதுவாக 12 சதவீதம். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். சில கம்பெனிகள் முதலாளியின் பங்கையும் சேர்த்து மொத்தச் சம்பளம் என்று பெரிதாகக் காட்டும். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குகிறவருக்கு 'இ.எஸ்.ஐ.' மருத்துவ வசதி உண்டு. இவை இல்லாத 18,000-ஐவிட, இவை உள்ள 16,000 நல்லதாக இருக்கலாம்.

வாய்ச் சொல்லை நம்பி வேலைக்குச் சேராதீர்கள். 2025 நவம்பர் 21-ந் தேதி நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், வேலை நியமன ஆணையை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று சொல்கின்றன. "ஆர்டர் கொடுங்கள்" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. உரிமை!

சமயம் பார்த்துக் கேள்

ஏற்கனவே வேலையில் இருப்பவர்கள் சம்பள உயர்வு கேட்பது எப்போது?

தீப்பெட்டித் தொழிலையே பாருங்கள். கையால் செய்யும் தீப்பெட்டிக்கு வெயில் வேண்டும். மழைக் காலத்தில் குச்சி காயாது, வேலை மந்தம். அந்தச் சமயத்தில் கூலி கூட்டிக் கேட்டால் "வேலையே இல்லை, கூலி எங்கே?" என்பார்கள். வெயில் காலத்தில் ஆர்டர் குவிந்து கிடக்கும்போது கேட்டால் காது கொடுப்பார்கள்.

எந்த வேலைக்கும் இப்படி ஒரு வெயில் காலம் உண்டு. கணக்கு முடிக்கும் மாதம், புது மெஷின் வந்து இறங்கும் வாரம், உங்களிடம் பெரிய பொறுப்பைக் கொடுக்கும் நாள் எல்லாம் அப்படிப்பட்ட சமயம்தான். கேட்கும்போது வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழ வேண்டாம். செய்த வேலையைச் சொல்லுங்கள். "போன வருஷம் மூன்று பேர் பார்த்த வேலையை இப்போது இரண்டு பேர் பார்க்கிறோம்" என்று கணக்குக் காட்டுங்கள்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். உத்தியோகத்தில் அழுதால் மட்டும் பால் கிடைப்பதில்லை. பக்கத்து வீட்டிலும் பால் உண்டு என்று தெரிந்தால்தான் கிடைக்கிறது!

இன்று பலமே இல்லாதவர்கள் என்ன செய்வது? கிடைத்த வேலையில் சேரலாம். தப்பில்லை. ஆனால் சேர்ந்த அன்றே அடுத்த படிக்கு வழி தேட வேண்டும். புதுத் தொழில் ஒன்றைக் கற்க வேண்டும். மாதம் 500 ரூபாயாவது எடுத்து வைக்க வேண்டும். கூட வேலை பார்க்கிறவர்களோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

மழையை நம்பி விதைக்கிற கரிசல் சம்சாரி ஒரே பயிரை நம்பி இருப்பதில்லை. பருத்திக்கு ஊடே உளுந்து போடுவார். ஒன்று போனால் ஒன்று கை கொடுக்கும். வேலைக்குப் போகும் பிள்ளைகளும் அந்த யோசனையோடு போகட்டும். முதலாளி எதிரே உட்காரும்போது குனிய வேண்டியிராது.